சீர்த்தட்டில் போன கம்பளி

நேற்று வெயில் தாழ்ந்தபின் என் மகன் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அவன் அக்கா மகள் பெரியவளாகியிருக்கிறாள். அவளுக்குத் தாய்மாமன் இவன் ஒருவன்தான். சடங்குக்குச் சீர் இவன்தான் கொண்டுபோக வேண்டும். தோள் துண்டை எடுத்து மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பிறகு கேட்டான்: "ஆத்தா, பதினோரு தட்டு வச்சாப் போதுமா?" இரண்டு வருஷமாக அவனுக்கு விளைச்சல் இல்லை. அவன் மனைவி காதில் கிடந்தது இப்போது காதில் இல்லை என்பதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். "நாளைக்குச் சொல்றேன்டா" என்று அனுப்பிவிட்டேன்.

ஒரு வார்த்தை பதிலுக்கு ஒரு நாள் தவணை கேட்டவள் நான். ஏன் கேட்டேன் என்று யோசித்தபோது என் ஒன்பதாவது வயது வந்து முன்னால் நின்றது. என் வயதுக்காரிகளே, மிச்சம் இருக்கிற நாலைந்து பேரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். சின்னவர்களிடம் சொன்னால் கிழவி புலம்புகிறாள் என்பார்கள். உங்களால் அப்படிச் சொல்ல முடியாது. தெருவில் மேளச் சத்தம் கேட்டால் பொங்குகிற உலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டு எண்ணியவர்கள்தானே நாம் எல்லோரும்? எண்ணி முடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கியவர்களும் நாம்தான்.

உத்தமபாளையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் எங்கள் ஊர். ஊர் முழுக்க வேதக்காரர்கள். எப்போதோ மனந்திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள். நடுவில் மாதா கோயில், அதைச் சுற்றி நாலு தெரு, தெருவைத் தாண்டினால் வானம் பார்த்த புஞ்சை. மலைமேல் முல்லையாற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கங்காணி ஒருவர் வந்து ஆள் சேர்ப்பார். ஆண்கள் கூட்டமாகக் குமுளி மலை ஏறிப் போவார்கள். கோடை பிறந்தால் மேலே காய்ச்சல் பரவும், வேலையை நிறுத்துவார்கள், எல்லோரும் இறங்கி வருவார்கள். ஏறிப் போன எண்ணிக்கையில் இறங்கி வரமாட்டார்கள். இறங்கி வந்தவர்கள் மடியில் காசு இருக்கும்.

அந்தக் காசு வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்றால் ஒரு சேலை, உளுந்து, நல்லெண்ணெய், முட்டை, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம். அதோடு சரி. காசு வந்த இரண்டே வருஷத்தில் நிலைக்கண்ணாடி வந்தது, லாந்தர் வந்தது, கறுப்புக் குடை வந்தது. ஒரு தட்டில் வைக்கிற மஞ்சளையும் குங்குமத்தையும் பிரித்து இரண்டு தட்டில் வைத்தார்கள். தட்டு எண்ணிக்கை கூடவேண்டும், அவ்வளவுதான். அந்த வருஷம் மேலத்தெரு மாமா ஒருவர் தன் தங்கை மகள் சடங்குக்குச் சிவப்புச் சீமைக் கம்பளி ஒன்று வைத்துவிட்டார். ஊர் ஒரு மாதம் அதையே பேசியது. மேலுக்குத் துணி போட்டால் வேர்த்துக் கொட்டுகிற ஊரில், வயசுக்கு வந்த பெண்ணுக்குக் கம்பளி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மேலத்தெருவுக்குப் போய் அதைத் தொட்டுப் பார்க்க முடியாதா என்று ஏங்கினேன்.

இனி என் தகப்பனாரைப் பற்றி. நாங்கள் அய்யா என்று கூப்பிடுவோம். அவருக்குத் தாய் இல்லை. அவருடைய அக்கா, என் அத்தை, தன் இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை அவர். அத்தையை மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு நஞ்சைக்காரர் வீட்டில் கொடுத்திருந்தார்கள். நெல் விளைகிற வீடு. எங்கள் வீட்டில் கம்பும் சோளமும்தான். அத்தைக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சடங்குக்கு அய்யா ஐந்து தட்டு கொண்டுபோனார். மேளம் இல்லை. தட்டுகளை என் ஆத்தாவும் சித்திமாரும் தலையில் வைத்து நடந்துபோனார்கள். அத்தையின் கொழுந்தனார் மனைவி, அதாவது அவளுடைய ஓரகத்தி, வாசலில் நின்று பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாளாம்: "தாய்மாமன் வந்திருக்காகளா, இல்ல மோர் விக்க வந்திருக்காகளா?"

பெண்கள் சிரித்தார்கள். அத்தை பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அய்யாவுக்கு மோர்க்காரர் என்று பெயர் விழுந்துவிட்டது. மறுவருஷம் கோயில் திருவிழாவுக்கு அத்தை வந்தபோது சொல்லி அழுதாள்.

"சின்னவளுக்கு நேரம் வரும்போதாவது எம் மானத்தக் காப்பாத்துடா தம்பி" என்றாள்.

அறுப்பு முடிந்ததும் அய்யா கங்காணிக்குப் பின்னால் மலை ஏறிவிட்டார். அவர் மேலே இருக்கும்போதே அத்தையின் சின்ன மகள் பெரியவளானாள். தாய்மாமன் இறங்கி வரட்டும் என்று சடங்கை நிறுத்தி வைத்தார்கள்.

சித்திரை மாதம் ஒரு நாள் வந்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் ஒடுங்கி, கண் மஞ்சளித்து, தலையில் ஒரு பெரிய மூட்டையோடு யாரோ ஒருவர் வாசலில் நின்றார். அவர் மேலில் ஈர மண்ணும் புகையும் கலந்த ஒரு வாடை. மூட்டையை இறக்கிச் சாக்கைப் பிரித்தார். அதற்குள் இன்னொரு சாக்கு. அதற்குள் மெழுகு தடவிய துணி. அதற்குள் நாலாக மடித்து, குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கயிறு கட்டிய சிவப்புக் கம்பளி. ஓரத்தில் இரண்டு கறுப்புக் கோடு. கற்பூரத்தையும் ஆட்டையும் சேர்த்து மோந்தமாதிரி ஒரு வாசம் வீட்டை நிறைத்தது.

"அங்கன குளிருமாமே, நீங்க இதப் போத்திக்கிட்டீகளா?" என்று ஆத்தா கேட்டாள்.

"சீருக்கு வாங்குனத எவனாவது போத்துவானா? எனக்குச் சாக்கு இருந்துச்சு" என்றார் அய்யா.

கீழே இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டதாம். கம்பளி நனையக்கூடாது என்று தான் போட்டிருந்த சாக்கையும் கழற்றி அதன்மேல் சுற்றிவிட்டு நனைந்துகொண்டே வந்ததாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆத்தாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. முறைக்காய்ச்சல் என்று நாம் சொல்வோமே, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவது, அது. கோயிலில் மத்தியான மணி அடிக்கும். மணிச் சத்தம் ஓய்வதற்குள் அய்யாவின் விரல் நகம் நீலமாகும். பிறகு தாடை அடித்துக்கொள்ளும். வெளியே தரையில் கால் வைக்க முடியாத வெயில். உள்ளே என் அய்யா குளிரில் துள்ளுவார். ஆத்தா சாக்கைப் போடுவாள், பழஞ்சேலைகளைப் போடுவாள், பாயைச் சுருட்டிப் போடுவாள். அதற்கும் அடங்காதபோது என்னைத் தூக்கி அவர்மேல் படுக்க வைப்பாள்.

"கெட்டியாப் பிடிச்சுக்க, உஞ் சூடாவது ஒட்டட்டும்" என்பாள்.

நான் குப்புறப் படுத்து அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வேன். எனக்குக் கீழே அவர் எலும்பு நடுங்குவது இன்றைக்கும் என் வயிற்றில் தெரிகிறது. ஒரு நாழிகை போனால் குளிர் விட்டு மேல் கொதிக்கும். அப்புறம் வேர்த்து ஊற்றும். அப்புறம் அடித்துப் போட்டமாதிரி தூங்குவார். மறுநாள் எழுந்து கம்மாய்க்கரை வரை நடந்து வருவார். காய்ச்சலுக்கென்று மலையில் கொடுத்திருந்த கொயினாப் பொடி ஒரு வாரத்தில் தீர்ந்துபோயிற்று. பூசை வைக்க வந்த சாமியார் பார்த்துவிட்டு, வண்டி கட்டிப் பெரியகுளம் போய் டாக்டரிடம் காட்டச் சொன்னார்.

"வைகாசி கழியட்டும் சாமி. சடங்கு இருக்கு" என்றார் அய்யா.

சாமியார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சீர், மேளம், வெட்டி ஆடம்பரம் எல்லாவற்றையும் பிடித்துத் திட்டினார். எல்லோரும் தலையை ஆட்டினோம். கோயிலை விட்டு வெளியே வந்ததும் எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தி ஆத்தாவிடம் கேட்டது, "எத்தன தட்டுக்கா முடிவாயிருக்கு?" என்பதுதான்.

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் சாமியாரிடம் பாவம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொன்னதில்லை. பத்துக் கட்டளையில் எதற்குக் கீழே இது வரும் என்று தெரியாததால் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

ஊர்க் கிணற்றில் மேலத்தெருப் பெண் ஒருத்தி என்னோடு எப்போதும் மல்லுக்கு நிற்பாள். சிவப்புக் கம்பளி வைத்த மாமாவின் மகள். அன்றைக்கு என் குடத்தைத் தள்ளிவிட்டு அவள் குடத்தை வைத்தாள்.

"மோர்க்காரர் மகளுக்கு என்னடி அவசரம்?" என்றாள்.

அந்தப் பெயர் ஆறு தாண்டி எங்கள் ஊருக்கே வந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கிணற்றைச் சுற்றிப் பத்துப் பெண்கள் நின்றார்கள். எல்லோரும் கேட்க நான் கத்தினேன்: "எங்க வீட்டுலயும் கம்பளி இருக்கு. உங்களுத விடப் பெருசு. ரெண்டு கறுப்புக் கோடு போட்டது. சீருல வைக்கப் போறோம், வந்து பாரு."

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நான் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காய்ச்சல் நாள். மணி அடித்தது. அன்றைக்கு வந்த குளிர் மற்ற நாளைப்போல இல்லை. நான் மேலே படுத்திருந்தபோது என்னையும் சேர்த்துத் தூக்கிப் போட்டது. அய்யாவின் வாயிலிருந்து ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஆத்தா பரணில் ஏறிக் கம்பளியை இறக்கிவிட்டாள்.

"வேணாம்" என்றார் அய்யா. பல்லுக்கு நடுவில் அந்த ஒரு சொல்தான் வந்தது.

"நீங்க சும்மா கெடங்க. சீருல ஒரு தட்டுக் கொறஞ்சா ஒன்னும் கொள்ளை போயிராது. மதினிகிட்ட நாஞ் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே சணல் கயிற்றின் முடிச்சை ஆத்தா பல்லால் கடித்தாள்.

முடிச்சு பாதி இளகியிருக்கும். வாசலில் ஆள் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுச் சித்தியும் அவளோடு மூன்று பெண்களும் நின்றார்கள்.

"கம்பளி வந்திருக்காமேக்கா. ஒம் மக கெணத்துல சொன்னாளாம். நாங்களும் கண்ணால பாத்துட்டுப் போவமேன்னு வந்தோம்."

ஆத்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் மறந்திருப்பேன். கம்பளியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பெண்கள் தடவிப் பார்த்தார்கள், மோந்து பார்த்தார்கள், மேலத்தெருக் கம்பளியைவிட இது கனம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒருத்தி இளகிய முடிச்சைப் பார்த்துவிட்டாள்.

"மடிப்பக் கலைச்சிராத மதினி. சீர்ச் சாமான் புதுக் கோடியாப் போகணும். ஆள் மேலு பட்டதுன்னு தெரிஞ்சா அந்த வீட்டுக்காரிக சும்மா விடுவாளுகளா?"

"நான் எதுக்குக் கலைக்கப் போறேன்" என்றாள் ஆத்தா. அவர்கள் கண்முன்னாலேயே முடிச்சை இறுக்கினாள்.

உள்ளே அய்யா நடுங்குகிற சத்தம் வாசல் வரை கேட்டது. சித்தி எட்டிப் பார்த்து, "பாவம், மலைக் காய்ச்சல்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளும் கெட்டவள் அல்ல. எங்களுக்குச் சீர்த்தட்டு நாலு இரவல் கொடுத்தவள் அவள்தான். கம்பளி மறுபடி பரணுக்குப் போயிற்று, நான் மறுபடி அய்யா மேல் ஏறிப் படுத்தேன். நாலு நாள் கழித்து அத்தை ஊரிலிருந்து வந்த ஒருவர், "கம்பளியோட வாராகளாம்னு அங்கன ஒரே பேச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஆத்தா பரண் பக்கம் பார்க்கவே இல்லை.

சடங்கு நாளைக் குறித்த விதத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆத்தா சுவரில் கரியால் கோடு போட்டு வந்தாள். காய்ச்சல் நாளுக்கு ஒரு கோடு, விட்ட நாளுக்கு ஒரு புள்ளி. வைகாசியில் ஒரு புள்ளி நாளைப் பார்த்து அத்தை வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாள். அவர்களும் சரி என்றார்கள். பந்தல் போட்ட பிறகு ஓரகத்தியின் உறவு போடியிலிருந்து அதற்கு முந்தின நாள்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டது. சடங்கை ஒரு நாள் முன்னால் தள்ளிவிட்டார்கள். முந்தின நாள் கோட்டு நாள்.

ஆத்தா சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "வேற நாளுக்கு மாத்தச் சொல்லுங்க" என்றாள்.

"எனக்குக் காய்ச்சல், நாள மாத்துங்கன்னு சொல்லி அனுப்பவா? மோர்க்காரனுக்குச் சளி பிடிச்சிருச்சும்பாளுக" என்றார் அய்யா. "ஒரு நாள்தான. தாங்கிக்கிருவேன்."

பதினேழு தட்டு. மலைச் சம்பளம் முழுக்க அதிலும் மேளத்திலும் போனது. வண்டி கட்டிப் பெரியகுளம் போக வைத்திருந்ததும் மேளத்துக்கே போனது. காலையில் புறப்பட்டு, கோடையில் சுருங்கிக் கிடந்த ஆற்றைக் கடந்து, வயல் வழியாக நடந்து, அத்தை ஊர் எல்லையில் நின்று தட்டுகளைத் தலைக்கு ஏற்றினோம். அங்கிருந்துதான் மேளம். கம்பளித் தட்டு என் தலையில். நான் கேட்டு அழுது வாங்கியது. கறுப்புக் கோடு வெளியே தெரியும்படி அதைத் திருப்பி வைத்திருந்தார்கள். வரிசையில் நான் கடைசி. எனக்குப் பின்னால் தாய்மாமனாக அய்யா, தலைப்பாகையும் புது வேட்டியுமாக.

தெருவில் நுழையும்போது சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது. அந்த ஊரில் மணி கிடையாது. ஆனாலும் காய்ச்சலுக்கு நேரம் தெரிந்திருந்தது. பின்னால் அய்யாவின் மூச்சு மாறியதை நான் கேட்டேன். திரும்பினால் தட்டு விழும் என்று திரும்பவில்லை. இரண்டு பக்க வாசலிலும் பெண்கள் நின்று எண்ணினார்கள். பதினஞ்சு, பதினாறு, பதினேழு. "ஆத்தாடி, கம்பளி" என்றாள் ஒருத்தி. பிறகு இளவட்டங்கள் சீட்டி அடித்தார்கள். அய்யாவின் தோளும் கையும் காலும் துள்ளுவதைப் பார்த்து மேளத்துக்கு ஆடுகிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

"மோர்க்காரர் இன்னிக்கு நல்லா ஏத்திட்டு வந்திருக்காகடா. போடுறா அடிய" என்று யாரோ கத்தினார்கள். மேளக்காரர் அடியை வேகமாக்கினார். அந்த அடிக்கு நடுவில் என் அய்யா குளிரில் நடுங்கிக்கொண்டே அத்தை வீட்டு வாசல் வரை நடந்தார். எனக்கு நெற்றியிலிருந்து வேர்வை கண்ணில் வழிந்தது. தலைமேல் கம்பளி அடுப்பாகக் காய்ந்தது.

அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்தால் இவ்வளவு எழுதியதும் பொய்யாகிவிடும். மோர்க்காரர் மகளே என்று இனி எவளும் கூப்பிட முடியாது என்று நினைத்தேன்.

அத்தை ஆரத்தித் தட்டோடு வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. ஓரகத்தி பக்கத்தில் நின்றதால் ஆரத்தியைச் சுற்றி முடித்தாள். சீர்த்தட்டுகளை நடுவீட்டுப் பாயில் பரப்பி வைத்தார்கள். சாயங்காலம் வரை ஊரே வந்து பார்க்கும்; அதுவரை ஒரு சாமானையும் எடுக்கக்கூடாது. அய்யா கொல்லைப்பக்கம் போய் வைக்கோல் படப்புக்கு அடியில் படுத்து, கையால் வைக்கோலை உருவி உருவி மேலே போட்டுக்கொண்டார். அத்தை ஓடி வந்தாள். நானும் போனேன்.

"அந்தக் கம்பளிய எடுத்தாரேண்டா" என்றாள் அத்தை.

"எடுக்காதக்கா. ஆளுக பாக்குறாக."

"இருட்டுற வரைக்கும் பொறுத்துக்கிருவியா? எல்லாரும் பாத்துட்டுப் போயிருவாக. அப்புறம் அதுலயே சுருட்டிப் படுக்க வைக்கிறேன்."

"எனக்கென்னக்கா. நீ போ, பந்தியப் பாரு. அவ என்ன சொன்னா?"

யாரைக் கேட்கிறார் என்று அத்தைக்குத் தெரியும். "ஒன்னும் சொல்லலடா. வாயே தெறக்கல" என்றாள்.

வைக்கோலுக்குள் அய்யா சிரித்தார். அத்தை தன் முந்தானையை அவிழ்த்து அவர் மேல் போட்டாள், உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், முந்தானையை எடுத்துச் செருகிக்கொண்டு போனாள். இருட்டுவதற்கு முன்பே குளிர் விட்டுக் கொதிப்பு வந்துவிட்டது. அப்போது கம்பளி வேண்டியிருக்கவில்லை.

ஆனி மாதம் அய்யா செத்துப்போனார். கடைசிக் குளிர் வந்தபோதும் நான்தான் மேலே படுத்திருந்தேன். நடுக்கம் நின்றதும் குளிர் விட்டுவிட்டது என்று நினைத்து, நகராமல் கொஞ்ச நேரம் படுத்தே கிடந்தேன். ஆத்தா வந்து என்னைத் தூக்கியபோதுதான் தெரிந்தது.

கம்பளி போர்த்தியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்பீர்கள். மாட்டார். அது எனக்குத் தெரியும். பெரியகுளம் போயிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம். கம்பளியால் ஆகியிருக்கக்கூடியது ஒன்றுதான்: குளிராமல் செத்திருப்பார்.

செத்த வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் கோடி கொண்டு வருவது உங்களுக்குத் தெரியும். புதுத் துணி, தண்ணீர் படாதது, அதைப் பிணத்தின்மேல் போர்த்த வேண்டும். சேசுவுக்கு மனந்திரும்பி எத்தனை தலைமுறை ஆனாலும் அதை நாம் விடவில்லை. அதற்கும் எண்ணிக்கை உண்டு. பெண்கள் மாரடித்துக்கொண்டே எண்ணினார்கள். எட்டுக் கோடி விழுந்தது. உயிரோடு இருந்தபோது சாக்கும் பாயும் போர்த்திக் கிடந்தவர்மேல் எட்டு வேட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக.

ஒன்பதாவது கோடியை அத்தை கொண்டுவந்தாள். உடன்பிறந்தவள் கோடிதான் எல்லாவற்றிலும் பெரியதாக இருக்கவேண்டும். சடங்குக்கு இரண்டு ஊருக்குச் சோறு போட்டு அவள் வீடும் துடைத்துப் போயிருந்தது. ஓரகத்தியிடம் காசு கேட்க வாய் வரவில்லை. அக்குளில் இடுக்கி வந்த பொட்டலத்தைப் பிரித்தாள். சிவப்புக் கம்பளி. மடிப்புக் கலையவில்லை. ஆத்தா பல் பட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"போட்ட சீரையே கோடியாத் திருப்பிட்டாளே" என்று ஒரு குரல் கேட்டது. அத்தைக்கும் கேட்டிருக்கும். அவள் முடிச்சை அவிழ்த்தாள். அவ்வளவு நாளில் அதை முதல் தடவையாக முழுக்க விரித்தவள் அவள்தான். அந்த அறை அகலத்துக்கு இருந்தது. தலையிலிருந்து கால் வரை போர்த்தி, காலடியில் காற்றுப் புகாமல் இரண்டு பக்கமும் சொருகினாள், கழுத்தடியில் இழுத்துவிட்டாள்.

"இப்பப் போத்திக்கடா தம்பி. யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாக" என்றாள்.

அப்போதும் நாலைந்து பேர் ஒன்பது என்று எண்ணியிருப்பார்கள்.

குழியில் இறக்குமுன் கோடித் துணிகளை எடுத்துவிடுவார்கள். அவை குழி வெட்டுகிறவருக்குச் சேரும். எங்கள் ஊரில் குழி வெட்டியவர் ஒரு பெரியவர். கல்லறைத் தோட்டத்துக்கு ஓரத்தில் தென்னந்தட்டி அடைத்த குடிசையில் ஒற்றை ஆளாக இருந்தார்.

மார்கழி வந்தது. அந்த வருஷம் மலையிலிருந்து இறங்கிய பனி பத்து மணி வரை விலகாது. காலையில் கம்மாய்க்குத் தண்ணீருக்குப் போனபோது கரையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அந்தப் பெரியவர் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது கொஞ்சம் அழுக்கேறியிருந்தது. ஒரு மூலையில் நெருப்புப் பொறி பட்ட ஓட்டை. என்னைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்து அதைக் கழற்றப் போனார். யார் மகள் நான் என்று அவருக்குத் தெரியும்.

"வேணாம், போத்திக்கங்க" என்றேன். பிறகு ஏன் கேட்டேன் என்று தெரியாது, கேட்டேன். "அது குளிர் தாங்குதா?"

பொய் சொல்லலாமா என்று அவர் யோசித்தமாதிரி இருந்தது. பொய் சொல்லவில்லை.

"இதுக்குள்ள இருந்தா குளிருன்னு ஒன்னு இருக்கிறதே தெரியல தாயி" என்றார்.

நான் குடத்தில் தண்ணீர் எடுக்காமல் வீட்டுக்கு வந்தேன். ஆத்தாவிடம் அதைச் சொல்லவில்லை. அவள் சாகிறவரை சொல்லவில்லை.

இவ்வளவையும் காலையிலிருந்து எழுதிக்கொண்டிருந்தேன். முடிக்கிற நேரத்தில் மகன் வந்துவிட்டான். நான் தாளை மூடவில்லை. அவனும் அதைப் பார்க்கவில்லை. நேற்று உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து துண்டை மடித்தான்.

"என்ன ஆத்தா, பதினோரு தட்டுப் போதுமா?"

போதும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. அவன் அக்கா புகுந்த வீட்டு வாசலில் யார் யார் நிற்பார்கள் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான்.

"ஊர்ல என்ன சொல்லுவாகடா?" என்றேன். "இருபத்தொன்னா வை."